குழல் ஏன் பேசவில்லை? புதிதாக ஊதுபவர்களுக்கு, குறை வாரியாக

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஐந்தாறு பேருக்குப் புல்லாங்குழல் சொல்லிக்கொடுக்கிறேன். நான் கச்சேரி வித்வான் அல்ல. வங்கி வேலைக்கு நடுவே இருபது ஆண்டுகளாக ஊதிவருபவன். புதிதாகச் சேருபவர்கள் இரண்டாவது வாரமே ஒரு தீர்ப்போடு வருவார்கள்: "சார், குழல் சரியில்லை." நான் வாங்கி ஊதுவேன். பெரும்பாலும் பேசிவிடும். அவர்கள் முகம் சுருங்கும். உடனே அடுத்த தீர்ப்பு: "அப்படியானால் எனக்கு மூச்சு போதவில்லை." அதுவும் பெரும்பாலும் சரியில்லை. குறை எங்கே என்று தேடும் ஒழுங்குதான் இல்லை. உதடு, விரல், குழல் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டிருந்தால் எது குற்றவாளி என்று ஒருநாளும் தெரியாது. ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

கீழே சொல்வதெல்லாம் கர்நாடக இசைக்கான குழலைப் பற்றி. வாய் வைத்து ஊதும் முத்திரைத் துளையைத் தவிர அதில் எட்டுத் துளைகள் இருக்கும். விரல்கள் ஆள்வது ஏழு துளைகளை. இடக்கையில் மூன்று விரல், வலக்கையில் நான்கு. எட்டாவது திறந்தே கிடக்கும். அதை மூட ஒரு விரலைத் தேடி அல்லாட வேண்டாம். முதல் இரண்டு துளைகளை மூடினால் ஸட்ஜம் (ஸ). முதல் துளையை மட்டும் மூடினால் சதுச்ருதி ரிஷபம் (ரி). எல்லாவற்றையும் திறந்துவிட்டால் அந்தர காந்தாரம் (க). இந்த மூன்றும் மனத்தில் இருந்தால் போதும்.

சத்தமே வரவில்லை, காற்று மட்டும் போகிறது

விரல்களை எடுத்துவிடுங்கள். ஒரு துளையைக்கூட மூடாமல், குழலின் இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். முதல் நாளே ஏழு துளையையும் மூடிக்கொண்டு போராடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். திறந்த குழல் சீக்கிரம் பேசும்.

முத்திரைத் துளையை இரு உதடுகளுக்கும் நடுவே ஒற்றி, அதன் விளிம்பை உதட்டால் உணருங்கள். பிறகு குழலை மெல்ல வெளிப்பக்கமாக உருட்டி, துளை மேல்நோக்கி வரும்படி வையுங்கள். கீழ் உதடு துளையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை மூடியிருக்க வேண்டும். காற்று துளைக்குள் நேராக இறங்கக் கூடாது. எதிர் விளிம்பில் போய் மோதி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் பிரிய வேண்டும். அந்த மோதலில்தான் ஓசை பிறக்கிறது. மூங்கில் அதற்கு உருக்கொடுக்கிறது, அவ்வளவே.

உதட்டின் வடிவம் எப்படி? நாக்கு நுனியில் ஒட்டிய முருங்கைக்காய் நாரைத் துப்புவது போல. கண்ணாடியைத் துடைக்க "ஹா" என்று விடும் சூடான மூச்சு இதற்கு உதவாது. காபியை ஆற்றும்போது வருமே, குளிர்ந்த மெல்லிய காற்று, அதுதான் வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு எதிரே ஒரு சாண் தூரத்தில் பிடித்து ஊதிப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் காற்று பட்டால் நல்லது. உள்ளங்கை முழுக்கப் பரவினால் உதட்டின் இடைவெளி அகலம். மேல் உதட்டின் நடுவில் சிலருக்குச் சின்னதாக ஒரு சதைத் துளி தொங்கும். அது காற்றை இரண்டாகக் கிழித்துவிடும். அவர்கள் துளையை நடுவிலிருந்து நெல்லளவு இடமோ வலமோ நகர்த்தினால் போதும். முகவாட்டத்தைக் காரணம் காட்டிக் குழலை மூலையில் வைக்க வேண்டியதில்லை.

இனி ஊதிக்கொண்டே குழலை மயிரிழை மயிரிழையாக உருட்டுங்கள். எங்கோ ஓரிடத்தில் ஓசை பிடிக்கும். உடனே நிறுத்துங்கள், அசையாதீர்கள். எனக்கு அப்படி முதன்முதலாகப் பிடித்த அன்று, என் ஆசிரியர் பூஜை அறையிலிருந்து சந்தனத்தைக் குழைத்து வந்து, குழலின் முன்பக்கம் என் மூக்குக்கு நேராக ஒரு பொட்டு வைத்தார். "நாளைக்குக் கண்ணாடி முன் நில். பொட்டு இதே இடத்தில் தெரிய வேண்டும்" என்றார். அடுத்த நாள் காலை பொட்டைப் பார்த்து வைத்தேன். மூன்றாவது ஊதலில் வந்துவிட்டது. நீங்கள் பென்சில் கோடு போட்டுக்கொண்டாலும் சரி.

தலை சுற்றுகிறது

பயப்பட வேண்டாம், நுரையீரல் பலவீனம் அல்ல. அளவுக்கு மீறி வேகமாக ஊதித்தள்ளும்போது இரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு குறைந்துபோகிறது. அதனால் வரும் கிறுகிறுப்பு. இரண்டு மூன்று நிமிடம் ஊதினால் ஒரு நிமிடம் குழலைக் கீழே வையுங்கள். உட்கார்ந்தே பழகுங்கள். உதட்டின் இடைவெளி சுருங்கச் சுருங்க இது தானாக நின்றுவிடும். ஒரு மாதம் கழித்தும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

ஓசை வருகிறது, விரல் வைத்ததும் செத்துவிடுகிறது

எங்கோ கசிகிறது. எந்த விரல் என்று கண்டுபிடிப்பது எளிது: திறந்த குழலில் ஊதத் தொடங்கி, மேலிருந்து ஒவ்வொரு துளையாக மூடிக்கொண்டே போங்கள். எந்த விரலை வைக்கும்போது ஓசை தடுமாறுகிறதோ, அந்த விரலே கள்ளன். ஆனால் சில சமயம் ஐந்தாவது விரலை நீட்டும்போது இரண்டாவது விரல் நழுவும். ஆகவே இன்னொரு சோதனை. எல்லா விரல்களையும் வைத்துப் பத்து எண்ணும்வரை சற்று அழுத்தமாகப் பிடியுங்கள். பிறகு கையைத் திருப்பி விரல்களைப் பாருங்கள். துளையின் வட்டம் சதையில் பதிந்திருக்கும். முழு வட்டமாக இருந்தால் அந்த விரல் நல்ல பிள்ளை. மூன்றாம் பிறை போலப் பாதி வட்டம் மட்டும் தெரிந்தால் கசிவு அங்கேதான். பெரும்பாலும் இடக்கை மோதிரவிரலும் வலக்கைச் சுண்டுவிரலும் பிறை காட்டும்.

இந்தச் சோதனைக்கு மட்டும்தான் அழுத்தம். வாசிக்கும்போது விரல் துளையின் மேல் படுத்திருந்தால் போதும். நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்துபவர்களுக்குக் கால்மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும், வேகமும் வராது. நுனிவிரலால் மூடாதீர்கள், அதற்கு உட்புறமுள்ள சதைப்பற்றால் மூடுங்கள்.

விரல் எட்டவே இல்லை என்றால் குற்றம் உங்களுடையதும் அல்ல, குழலுடையதும் அல்ல. இரண்டும் பொருந்தவில்லை. குழல் வித்வான் என். ரமணி (1934–2015) வாசித்த நீளக் குழலின் கனத்த நாதத்தைக் கேட்டு மயங்கி, நேராக இரண்டரைக் கட்டைக் குழலை வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. கட்டை என்பது குழலின் ஸட்ஜம் எந்தச் சுருதியில் இருக்கிறது என்ற அளவு. கட்டை குறையக் குறையக் குழல் நீளும், துளைகள் விலகும். சென்ற ஆண்டு பதினொரு வயதுப் பெண் ஒருத்தி தன் அப்பாவின் இரண்டரைக் கட்டைக் குழலோடு வந்தாள். மூன்று வாரம் அழாத குறை. ஐந்தரைக் கட்டைக் குழல் ஒன்றைக் கையில் கொடுத்தேன். அன்றைக்கே ஸட்ஜத்தைப் பிடித்தாள். பெரியவர்கள் ஐந்து கட்டையில் தொடங்கலாம், பிள்ளைகள் ஐந்தரை அல்லது ஆறில். நீளக் குழல் எங்கும் ஓடிப்போகாது.

ஸ, ரி, க வரை சரி. ம-வில் தொபுக்கென்று கீழே விழுகிறது

என்னிடம் வரும் கேள்விகளில் நியாயமானது இதுதான். பாடுகிறவருக்கு க-வுக்கும் ம-வுக்கும் நடுவே ஒரு சின்னப் படிதான். குழல் ஊதுகிறவருக்கோ அது ஒரு பள்ளத்தாக்கு. க-வில் எல்லாத் துளைகளும் திறந்துவிட்டன. இனித் திறக்க எதுவும் இல்லை. ஆகவே மறுபடி துளைகளை மூடிக்கொண்டு, மூச்சைக் கூர்மையாக்கி, அதே விரலமைப்பில் மேல் ஸ்தாயி ஒலியை, அதாவது அடுத்த ஏழு சுர அடுக்கின் ஒலியை, எழுப்ப வேண்டும். மூச்சு கூர்மையாகவில்லை என்றால் மந்தர ஸ்தாயி, அதாவது கீழ் அடுக்கின், மத்தியமம்தான் (ம) வரும். அதுதான் அந்தத் "தொபுக்".

தப்பிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, பலமாக ஊதாதீர்கள். எல்லாரும் செய்யும் தவறு அது. பலமாக ஊதினால் ம வரும், ஆனால் அலறிக்கொண்டு வரும். காற்றின் அளவைக் கூட்டாமல் உதட்டின் இடைவெளியைக் குறுக்கி, கீழ்த்தாடையைச் சற்று முன்னே தள்ளுங்கள். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் எப்படிச் சீறிப் போகிறது? அதே கணக்கு. இரண்டாவது, ம-வுக்கு முதல் துளையை மட்டும் திறந்தோ கொஞ்சம் விலக்கியோ வைத்துப் பாருங்கள். மேல் ஸ்தாயி ஒலி எளிதாகக் கிளம்பும். உங்கள் ஆசிரியருக்கு என்று ஒரு விரலமைப்பு இருக்கும், அதையே பின்பற்றுங்கள். இரண்டு பேரின் முறையைக் கலக்காதீர்கள். மூன்றாவது, சரளி வரிசை என்னும் ஆரம்பப் பயிற்சியை நிறுத்திவிட்டு ஒரு வாரம் க–ம–க–ம மட்டும் வாசியுங்கள். வீட்டில் இருப்பவர்கள் வெறுப்பார்கள். பரவாயில்லை.

விரல்களும் ஒரே கணத்தில் விழ வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தால் நடுவில் குருவி கத்துவது போல ஒரு சிணுங்கல் கேட்கும். குழலை ஊதாமல், விரல்களை மட்டும் ஒருசேரத் துளைகளின் மேல் தட்டிப் பாருங்கள். மூங்கிலில் ஒரே "டப்" கேட்க வேண்டும். "டடப்" என்று கேட்டால் இன்னும் வேலை இருக்கிறது.

மாயாமாளவகௌளை வரவே மாட்டேன் என்கிறது

வராதுதான். துளைகளை முழுதாக மூடித் திறந்தால் குழலில் இயல்பாக வருவது ஹரிகாம்போதி ராகம். பாடத்திட்டமோ மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குகிறது. அதில் சுத்த ரிஷபத்துக்கு இரண்டாவது துளையையும், காகலி நிஷாதத்துக்கு மூன்றாவது துளையையும் அரைகுறையாக மூட வேண்டும். வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் பொருந்தும் முதல் பாடம், குழல்காரனுக்கு முதல் நாளிலேயே முட்டுக்கட்டை. அதனால் குழல் ஆசிரியர்கள் சிலர் முதல் சில வாரம் ஹரிகாம்போதியிலேயே சரளி வரிசையை நடத்துவார்கள். நான் அந்தக் கட்சி.

அரைத் துளை என்றால் விரலைப் பாதி தூக்குவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தூக்கினால் காற்றுச் சத்தம்தான் வரும். விரல் மூங்கிலை விட்டு எழவே கூடாது. விரலை உள்ளங்கைப் பக்கமாக உருட்டி, துளையின் ஓரத்தை மட்டும் திறக்க வேண்டும். எவ்வளவு? குழலுக்குக் குழல் மாறும். காதுதான் அளவுகோல்.

காது இன்னும் பழகவில்லையா? எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி இருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. உங்கள் குழல் ஐந்து கட்டை என்றால், பெட்டியை ஐந்தரைக் கட்டைக்கு மாற்றுங்கள். இப்போது பெட்டியில் கேட்கும் ஸட்ஜம், உங்களுக்குச் சுத்த ரிஷபம். அதனோடு சேரும்வரை இரண்டாவது விரலை உருட்டுங்கள். சேர்ந்ததும் விரலின் நிலையை நினைவில் வைத்துக்கொண்டு, பெட்டியை மறுபடி ஐந்துக்குக் கொண்டுவந்து ஸ–ரி–ஸ வாசியுங்கள். நிஷாதத்துக்கு அதே வித்தையை நாலரைக் கட்டையில் செய்யலாம். என் மாணவர்களிடம் நான் பெற்ற பாராட்டுகளில் பாதி இந்த ஒரு தந்திரத்துக்குத்தான்.

இந்த உருட்டல் வெறும் அரைச் சுரத்துக்கான ஏற்பாடு என்று எண்ணி அலட்சியம் செய்யாதீர்கள். பின்னால் கமகம், அதாவது சுரங்களின் அசைவும் குழைவும், எல்லாம் இந்த விரலசைவிலிருந்துதான் பிறக்கப்போகிறது. வாய்ப்பாட்டின் குழைவைக் குழலுக்குக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படும் மாலியின் (டி.ஆர். மகாலிங்கம், 1926–1986) ஒலிப்பதிவு ஏதாவது ஒன்றைப் போட்டு, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் போகும் பாதையை மட்டும் கவனியுங்கள். படி ஏறுவது போலவே இருக்காது.

வீடியோவைப் பார்த்து ஊதுகிறேன்; எல்லாச் சுரமும் தப்பாகக் கேட்கிறது

வீடியோவில் இருப்பவர் கையிலுள்ள குழலின் துளைகளை எண்ணுங்கள். ஆறு என்றால் (சிலவற்றில் ஏழு) அது இந்துஸ்தானி பான்சுரி. அங்கே ஸட்ஜம் முதல் மூன்று துளைகளை மூடினால் வரும், நமக்கு இரண்டு. ஒரே ஒரு துளை வித்தியாசம், ஆனால் அத்தனை சுரங்களும் இடம் மாறிவிடும்.

கடையில் வாங்கும்போதும் இதே வம்பு. பான்சுரியில் "சி" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் மூன்று துளை ஸட்ஜத்தைத்தான் குறிக்கும். ஒரு கட்டைக் குழல் என்று நம்பி வாங்கிவந்து, நம் முறையில் இரண்டு துளையை மூடி ஊதினால் இரண்டு கட்டை பேசும். குழல் பொய் சொல்லவில்லை. இரண்டு ஊர்க் கணக்கு. இரண்டு துளைகளை மூடி ஊதி, போனில் ஒரு டியூனர் செயலியைத் திறந்து பாருங்கள். ஐந்து கட்டைக் குழலுக்கு அது "ஜி" என்று காட்ட வேண்டும்.

திருவிழாக் கடையில் பலூனோடு தொங்கும் குழலைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் முதல் குழல் அதுதான். எட்டுத் துளை இருந்தது, பட்டு நூல்கூடச் சுற்றியிருந்தது. ஆனால் துளைகளுக்கு நடுவே உள்ள தூரம் எல்லாம் ஒரே அளவு. அழகுக்காகப் போட்டதே தவிர சுருதிக்காக அல்ல. ஆறு மாதம் என் காதைச் சந்தேகித்தேன்.

சுருதியோடு சேரவில்லை

முதலில் ஐந்து நிமிடம் ஊதிக் குழலைச் சூடாக்குங்கள், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். காற்று சூடாகும்போது அதில் ஒலியின் வேகம் கூடும், சுருதியும் ஏறும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய மூன்று சென்ட். நூறு சென்ட் சேர்ந்தால் ஓர் அரைச் சுரம். மாடியில் 32 டிகிரியில் சேர்ந்த குழல், 22 டிகிரி ஏசி அறையில் அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கப் பார்க்கும். நம் மூச்சின் சூடு ஓரளவு ஈடுகட்டும், முழுவதும் அல்ல.

சூடான பிறகும் சுருதி ஏறியே இருந்தால், குழலை உதட்டை நோக்கிச் சிறிது உருட்டித் துளையை இன்னும் கொஞ்சம் மூடுங்கள், இறங்கும். இறங்கியிருந்தால் வெளியே உருட்டுங்கள். ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வையின் கடைசியில் மட்டும் இறங்கினால் மூச்சு தீரும்போது வேகமும் தளர்கிறது என்று பொருள். முழு மூச்சும் தீருமுன் நிறுத்திப் பழகுங்கள். கீழ் ஸ்தாயி சேர்ந்து மேல் ஸ்தாயி மட்டும் விலகினால், மூடிய முனையில் கார்க் அடைப்பு உள்ள குழலா என்று பாருங்கள். கார்க் நகர்ந்திருக்கலாம். முத்திரைத் துளையின் நடுவிலிருந்து கார்க் வரையுள்ள தூரம், சுமாராகக் குழலின் உள்விட்டம் அளவு இருக்க வேண்டும்.

ஸஸ, ரிரி என்று ஊதினால் ஒரே நீளச் சுரமாகக் கேட்கிறது

நாக்கை மறந்துவிட்டீர்கள். "து" என்று மெல்லச் சொல்லி இரண்டாவது ஸ-வைத் தொடங்குங்கள். துத்துகாரம் என்பது அதுதான். இப்படிச் சுரங்கள் இரட்டையாக வரும் ஜண்டை வரிசையில் அழுத்தம் இரண்டாவது சுரத்தில் விழ வேண்டும் என்பதையும் சேர்த்தே பழகிக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாச் சுரத்துக்கும் "து" போட்டால் தந்தி அடிப்பது போல இருக்கும்.

விரலைப் பார்க்காமல் வாசிக்க முடியவில்லை

குழல் பக்கவாட்டில் நீண்டிருக்க, கண் ஓரத்தால் பார்க்கக் கழுத்தைத் திருப்புகிறீர்கள், திருப்பியதும் உதடு விலகுகிறது, ஓசை போகிறது. விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் ஊதுங்கள். குழலைத் தனிக் கச்சேரிக்குரிய வாத்தியமாக உயர்த்திய கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904) பார்வை இல்லாதவர்.

நேற்று வந்தது, இன்று வரவில்லை

உதடு காய்ந்திருக்கிறதா, நேற்று ஒரேயடியாக இரண்டு மணி நேரம் ஊதினீர்களா என்று முதலில் பாருங்கள். உதட்டுத் தசையும் தசைதான். ஒரு நாள் ஓய்வு கேட்கும். அரை மணி நேரமாகப் பிரித்துக் காலையும் மாலையும் ஊதுவது நல்லது.

உதடு சரி, விரல் சரி, ஆனாலும் எல்லாச் சுரமும் மங்கலாக இருக்கிறதா? இப்போதுதான் குழலைக் குற்றம் சொல்லும் நேரம். வெளிச்சத்தில் பிடித்து, முத்திரைத் துளையிலிருந்து தொடங்கி நீளவாக்கில் விரிசல் தேடுங்கள். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தப்பும். சந்தேகமான இடத்தின் மேல் செல்லோடேப்பை ஒட்டி ஊதிப் பாருங்கள். ஓசை திரும்பினால் அங்கேதான் விரிசல். டேப்பை எடுத்துவிட்டு, உறுதியான நைலான் நூலை இடைவெளி விடாமல் இறுக்கிச் சுற்றி, முடிச்சின் மேல் ஒரு சொட்டுப் பசை வையுங்கள். நல்ல குழல்களில் ஆங்காங்கே நூல் சுற்றியிருப்பது அலங்காரம் அல்ல, இதற்கான முன்னெச்சரிக்கை.

வெயிலில் நிறுத்திய காருக்குள் குழலை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஊதி முடித்ததும் ஒரு குச்சியில் பழைய பருத்தி வேட்டித் துணியைச் சுற்றி உள்ளே துடைத்துவிட்டு, ஈரம் உலர்ந்த பிறகு உறையில் போடுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சை பிடித்து, மறுநாள் மூக்கே சொல்லிவிடும். என் ஐந்து கட்டைக் குழலில் இப்போது மூன்று இடத்தில் நூல் சுற்றியிருக்கிறேன். மூன்றாவது சுற்று, சென்ற சித்திரையில், ஜன்னலோரம் வெயில் விழும் இடத்தில் அதை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனதற்காக.